டோக்கியோவின் முள்ளங்கிப் பிள்ளையார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். போனில் நீ "எப்படிம்மா இருக்கு ஜப்பான்?" என்று கேட்கிறாய். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா போனை வாங்கி ரயில் கதையை ஆரம்பித்துவிடுகிறார். இப்போது அவர் தூங்கியாயிற்று, வெளியே மழை. சரி, எழுதியே விடலாம் என்று உட்கார்ந்தேன்.

டோக்கியோ புதுசு, கியோட்டோ பழசு என்று சொல்லி அனுப்பினாய் அல்லவா? கியோட்டோவில் இறங்கியதும் கண்ணில் படுவது கண்ணாடியும் இரும்புமாக ஒரு ஸ்டேஷன். 1997-ல் திறந்ததாம். எஸ்கலேட்டர் மேல் எஸ்கலேட்டராக மொட்டைமாடி வரை போகிறது. டோக்கியோவில் நாங்கள் முதலில் போனதோ கோயிலுக்கு, அசகுசாவில் இருக்கும் சென்சோஜி. 628-ல் சுமிதா ஆற்றில் வலை போட்ட அண்ணன் தம்பிக்கு கன்னோன் சிலை கிடைத்தது என்பது தலவரலாறு. நம் பக்கத்துப் பௌத்தத்தில் கருணையின் போதிசத்துவரான அவலோகிதேஸ்வரர்தான் அங்கே கன்னோன். ஆனால் இப்போது நிற்கும் கோயில் 1958-ல் கட்டிய கான்கிரீட் கட்டடம். பழையது 1945-ல் குண்டுவீச்சில் எரிந்துபோனது. கூரை ஓடுகூட டைட்டானியம். அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்ப இது பழைய கோயிலே இல்லையே" என்றார். கும்பிட்டுக்கொண்டிருந்த கூட்டத்துக்கு அந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

வாசலில் பெரிய சிவப்புக் காகித விளக்கு தொங்குகிறது, 700 கிலோ. எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நீ போனால் அடியில் நின்று அண்ணாந்து பார். உலோக வளையத்தில் மத்சுஷிதா கம்பெனியின் பெயர் இருக்கும், இன்றைய பானசோனிக். அதைத் தொடங்கிய மத்சுஷிதா கொனோசுகே, உடம்பு குணமானதற்கு நேர்த்திக்கடனாக 1960-ல் அந்த வாசலையே கட்டிக் கொடுத்தாராம். நம் ஊர்க் கோயில் டியூப்லைட்டில் உபயம் எழுதுவது போலத்தான். இங்கே எழுத்து வெளிச்சத்தை மறைப்பதில்லை, அவ்வளவுதான்.

அங்கிருந்து ஆற்றோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் சின்ன மேட்டின் மேல் மத்சுசியாமா ஷோதென் என்று இன்னொரு கோயில். கூட்டமே இல்லை. உள்ளே இருப்பவர் யார் தெரியுமா? நம் பிள்ளையார்! காங்கிதென் என்ற பெயரில் பௌத்தத்தோடு இங்கே வந்து சேர்ந்தவர். மூர்த்தியை யாருக்கும் காட்டுவதில்லை, கதவு மூடியேதான் இருக்கும். கொழுக்கட்டையும் கிடையாது, அருகம்புல்லும் கிடையாது. அவருக்குப் படைப்பது முழு வெள்ளை முள்ளங்கி. கோயிலிலேயே விற்கிறார்கள். பின்னிக்கொண்ட இரண்டு முள்ளங்கிகளை அங்கங்கே செதுக்கியும் வைத்திருக்கிறார்கள். முள்ளங்கி படைத்தால் மனத்தில் உள்ள கோபம் கழியும் என்பது நம்பிக்கை. அப்பாவை இரண்டாக வாங்கச் சொன்னேன். அவர் சந்நிதி முன்னால் நின்று தலையில் குட்டிக்கொண்டார். பக்கத்தில் நின்ற வயதான அம்மாள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். படைத்த முள்ளங்கியை வருகிறவர்களுக்கே பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். சாம்பார் வைக்கத்தான் வழியில்லை.

சாப்பாடு விஷயம் உனக்குக் கவலையாக இருக்கும். இங்கே காய்கறி மட்டும் போட்டது என்று நினைத்து எதையும் எடுத்துவிட முடியாது. தெளிந்த ரசம் போலத் தெரியும் சாற்றுக்கு அடிப்படையே காய்ந்த சூரை மீனைச் சீவிப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர்; மாசிக் கருவாடு செய்கிற அதே மீன். உப்பு போட்டு உலர்த்திய, உமெ என்கிற புளிப்புக் காய் வைத்த சோற்று உருண்டை எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. ஊறுகாய்ப் புளிப்பு, தயிர் இல்லாதது ஒன்றுதான் குறை. இங்கே கியோட்டோவில், அரஷியாமாவின் தென்ரியூஜி கோயில் வளாகத்துக்குள்ளேயே மடத்துச் சமையல் சாப்பிட்டோம். மீன் இல்லை, வெங்காயம் பூண்டும் இல்லை. சிவப்பு அரக்குக் கிண்ணங்களில் வந்த எள்ளுத் தோஃபுவை அப்பா "இன்னொன்னு கேளு" என்றார். கேட்கவில்லை. அளவாகத்தான் கொடுப்பார்கள் போலிருக்கிறது.

ரயிலைப் பற்றி அப்பா எல்லாம் சொல்லியிருப்பார். அவர் சொல்லாதது ஒன்று: பிளாட்பாரத்தில் வெள்ளைக் கையுறை போட்ட ஊழியர் தண்டவாளத்தை, சிக்னலை, கதவை ஒவ்வொன்றாக விரல் நீட்டிக் காட்டி வாய்விட்டுச் சொல்கிறார். கையும் வாயும் சேர்ந்து சரிபார்த்தால் தவறு குறையுமாம். அன்றிலிருந்து உன் அப்பா அறையைப் பூட்டும்போது பூட்டை நோக்கி விரல் நீட்டி "பூட்டியாச்சு" என்கிறார். ஊரில் கேஸ் அடுப்புக்கும் இதையே செய்தால் எனக்கு நிம்மதி.

கியோன் தெருவில் எனக்கு மனசு சங்கடப்பட்டது. கிமோனோவும் உயரக் கட்டைச் செருப்புமாக ஒரு மைக்கோ, அதாவது கெய்ஷா ஆகப் பயிற்சி பெறும் பெண், வேகமாக நடந்து போனாள், இருபது வயதுகூட இருக்காது. வேலைக்குப் போகிற பிள்ளையை மறித்து மறித்துப் படம் எடுக்கிறார்கள். தனியார் சந்துகளில் நுழைந்தால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். நல்ல வேலை செய்தார்கள்.

புஷிமி இனாரி கோயிலுக்கு விடியற்காலையில் போ, பிறகு கூட்டம் தாங்காது. மலை முழுக்க ஆயிரக்கணக்கில் சிவப்பு மர வாசல்கள். ஏறும்போது ஒன்றும் தெரியாது, இறங்கும்போதுதான் தூண்களின் பின்பக்கம் கொடுத்தவர் பெயரும் தேதியும் தெரியும். நிறையக் கம்பெனிகள். மரம் உளுத்தால் எடுத்துவிட்டு, அடுத்த உபயதாரருக்கு இடம் கொடுக்கிறார்கள். ஒரு தூணில் பெயின்ட்கூடக் காயாத மாதிரி இருந்தது. அப்பா தொட்டுப் பார்த்தார். இந்தத் தடவை "பழசா புதுசா" என்று கேட்கவில்லை.

நீ வரும்போது கைப்பையில் ஒரு பிளாஸ்டிக் கவர் வைத்துக்கொள், தெருவில் குப்பைத்தொட்டி கண்ணில் படுவதே அபூர்வம். சில்லறை போட ஒரு சுருக்குப் பையும் வேண்டும். உனக்குப் பச்சைத் தேயிலைத் தூள் வாங்கட்டுமா, இல்லை விசிறி போதுமா என்று நாளைக்குள் சொல். இரண்டுக்கும் அப்பாவிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை, பணம் என்னிடம்தான் இருக்கிறது.

மற்றவை நேரில்.

அன்புடன்,
அம்மா