விரால் இருக்க பாஸ் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறுதோறும் ஹொஸ்கோட்டை பக்கம் தூண்டிலோடு கிளம்பும் நாலைந்து பேரில் நானும் ஒருவன். போன வாரம் டீக்கடையில் ஒரு பேச்சு. அமெரிக்காவில் கொண்டாடுகிற லார்ஜ்மவுத் பாஸ் என்ற மீனின் குஞ்சுகளை எப்படியாவது வரவழைத்து நம் ஏரிகளில் விட்டால் தூண்டில்காரர்கள் கூட்டம் கூடும், காசும் புரளுமாம். எனக்குப் பகீரென்றது.

அந்த மீனை நான் பிடித்திருக்கிறேன். டெக்சாஸில் இருக்கும் அக்கா மகன் மூன்று வருஷத்துக்கு முன் ஏரிக்குக் கூட்டிப் போனான். ரப்பர் புழுவைப் பாசிக்கு நடுவில் விட்டு மெல்ல இழுத்தேன். வெடுக்கென்று ஒரு இழுப்பு. மறு நொடி மீன் தண்ணீருக்கு மேலே, வாயைப் பிளந்து தலையை உதறுகிறது. கீழ்த்தாடையில் கட்டைவிரலைக் கொடுத்துத் தூக்கச் சொன்னான். மேல்தாடை கண்ணையும் தாண்டிப் போகிறது. உள்ளே உப்புத்தாள் மாதிரி பொடிப் பற்கள். இரண்டு நாள் என் விரல் தோல் சொரசொரவென்று இருந்தது. ஒன்றரை கிலோ தேறும். நான் குழம்பை நினைத்துக்கொண்டிருக்க, அவன் அதைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டான். அந்த வருத்தம் தனி.

அருமையான மீன்தான், அதன் ஊரில் இருக்கும்வரை. ஜப்பானில் 1925-இல் ஆஷி ஏரியில் கொண்டுவந்து விட்டார்கள். அங்கிருந்து ஊரெல்லாம் பரவி உள்ளூர் மீன்களை விழுங்கவே, 2005-இல் அதை வளர்க்கவும் விடவும் கூடாதென்று சட்டம் போட வேண்டியதாயிற்று. 1932-இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீன்தான் உலக சாதனை. அதற்குச் சமமான ஒன்று 2009-இல் சிக்கியது எங்கே தெரியுமா? ஜப்பானின் பிவா ஏரியில். போன இடத்தில் அப்படிக் கொழுத்திருக்கிறது!

நாம் பட்டது போதாதா? 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி மீன் (திலாப்பியா), இன்று என் தூண்டிலில் பத்துக்கு ஏழு. ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் தடை செய்தும் ஒழிந்தபாடில்லை.

மல்லுக்கட்டும் மீன்தான் வேண்டுமென்றால் விரால் இருக்கிறதே. தவளையைக் காட்டினால் பாஸுக்குக் கொஞ்சமும் குறையாமல் பாயும். பாஸில் ஆண் மீன் முட்டைக்குக் காவல் நிற்கும் என்று அக்கா மகன் பெருமையடித்தான். சரி, நம் விரால் மட்டும் என்ன, செக்கச்செவேலென்று மிதக்கும் குஞ்சுக் கூட்டத்துக்கு அடியிலேயேதான் சுற்றிக்கொண்டிருக்கும்.

மீன்வளத் துறை ஏரிகளில் கெண்டைக் குஞ்சு விடும்போது கொஞ்சம் விரால் குஞ்சும் சேர்த்து விட்டால் எங்களைப் போன்றவர்களுக்கு அதுவே போதும்.

சு. மாணிக்கம்,
ஓய்வுபெற்ற ஃபிட்டர், அல்சூர், பெங்களூரு.