'கவலையில் விவசாயி' என் மச்சான்தான்

ஐயா,

சென்ற வாரம் டெல்டா செய்தியோடு வந்த படத்தில், வெடித்துக் கிடக்கும் வயலில் குந்தி, நெற்றியில் கைவைத்து வானத்தைப் பார்ப்பவர் என் மச்சான். கீழே 'கவலையில் விவசாயி' என்று போட்டிருக்கிறீர்கள். படமெடுத்த தம்பி சட்டையைக் கழற்றச் சொல்லி, "மேலே பாருங்க" என்றாராம். இவர் வெயில் கூசியதால் கையை வைத்தார். உளுந்து எடுத்த பிறகு எங்கள் கடைமடைக் களிமண், ஆற்றில் தண்ணீர் புரண்ட வருஷம்கூட, மே மாதம் பாளம் பாளமாகத்தான் வெடிக்கும். தண்ணீர்க் கஷ்டம் இல்லை என்று சொல்லவில்லை. ஜூன் 12இல் மேட்டூரைத் திறந்தாலும் அது எங்கள் மதகுக்கு வந்து சேர்வது தனிக்கதை. அந்தக் கஷ்டம் இந்தப் படத்தில் இல்லை.

திருவாரூர் பக்கம் ஸ்டுடியோ வைத்துப் பிழைத்தவன் நான். டொராண்டோவில் இருக்கும் மகள், 2021இல் ஒண்டாரியோ கலைக்கூடத்தில் நடந்த கரீபியன் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அந்தத் தீவுகளின் பழைய படங்களாகத் தேடி அனுப்புகிறாள். ஜமைக்கா என்றால் தென்னை, வாழைத்தார் சுமக்கும் பெண். சுற்றுலாக்காரர்களைக் கூப்பிட எடுத்தவை. டிரினிடாடில் ஃபெலிக்ஸ் மோரின் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எடுத்த படங்கள்தான் என்னை உலுக்கின. கரும்புத் தோட்டத்துக்குப் போன நம் நாட்டுப் பெண்கள். முக்காடு, மூக்குத்தி, முழங்கைவரை வெள்ளி வளையல். தபால் அட்டையில் அச்சடித்து விற்றபோது அடியில் 'கூலிப் பெண்', அவ்வளவுதான். டிரினிடாடுக்குப் போனவர்களில் வடக்கத்திக்காரர்களே அதிகம். நம் காரைக்காலில் கப்பலேறியவர்கள் அதே கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவுகளான குவாதலூப், மார்தினிக் போனார்கள். அவர்கள் வைத்த குழம்பு அங்கே இன்றும் 'கொலம்போ'.

இப்போது டிரினிடாடில் பிறந்த ரென்லுகா மகராஜ் என்ற கலைஞர் அந்தப் பழைய படங்களை எடுத்து, தன் கையால் நிறம் தீட்டுகிறார். சாம்பலாக நின்ற பெண்ணுக்குச் சேலை நிறம் வந்துவிடுகிறது.

நானும் யோக்கியனில்லை. தாஜ்மகால் திரைக்கு முன்னால் நிறுத்தி, வாட்ச் இல்லாதவருக்கு என் வாட்சைக் கட்டிவிட்டவன்தான். ஆனால் அவர்களாகக் கேட்டார்கள், கட்டினேன். நெகடிவ் உறையில் பென்சிலால் பெயர், ஊர், தேதி எழுதாமல் ஒன்றைக்கூட டப்பாவில் போட்டதில்லை.

டீக்கடையில் மச்சானை இப்போது எல்லாரும் "என்ன கவலை?" என்று விசாரிக்கிறார்கள். அடுத்த முறை வரும் தம்பியிடம் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மச்சானிடம் தீபாவளிக்கு எடுத்த நீலச் சட்டை இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டே நிற்பார்.

– ஸ்டுடியோக்காரர் (ஓய்வு), திருவாரூர் மாவட்டம்