அம்மாவின் நடவுப் பாட்டை மீட்டுத் தந்தவர்களுக்கு

ஊராருக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடவுப் பாட்டு ஒலித்தது உங்களில் பலருக்குத் தெரியும். தெருவில் போனவர்கள்கூடத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனீர்கள். பாடியவர்கள் என் அம்மாவும் அவரோடு நடவுக்குப் போன ஆறு பெண்களும். 2006-ல் பதிவானது. அந்த ஏழு பேரில் இன்று இருப்பவர்கள் இரண்டே பேர்.

அந்தக் குரல்கள் ஒரு சிடிக்குள் இருந்தும் எடுக்க வழியில்லாமல் ஐப்பசி முழுக்க அலைந்தேன். கார்த்திகையில் அம்மாவின் திதி. அதற்குள் கேட்டுவிட வேண்டும் என்ற தவிப்பு. ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் எடுத்துச் செய்துதான் அது முடிந்தது. நேரில் சொன்ன நன்றி போதவில்லை, அதனால் எழுதுகிறேன். என்ன கோளாறு, எப்படிச் சரியானது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று சிடிகளைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் வீடுகள் நம் பக்கம் ஏராளம்.

முதல் நன்றி, பதிவு செய்த அந்தப் பெண்ணுக்கு. தஞ்சாவூரிலிருந்து படிப்புக்காக வந்தவர். சம்பா நடவு நேரம். மூன்று நாள் எங்கள் வீட்டில் தங்கி, காலையில் வரப்பிலும் இரவில் எங்கள் தாழ்வாரத்திலும் உட்கார்ந்து பதினொரு பாட்டுகளைப் பதிவு செய்தார். பதிவு செய்துகொண்டு போய்விடாமல் ஒரு மாதம் கழித்து இரண்டு சிடி போட்டுத் தபாலில் அனுப்பினார். சிடியின் மேல் பக்கத்தில் ஊர்ப் பெயரையும் தேதியையும் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தார். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தால் பாட்டு அன்றைக்கே அடிபட்டிருக்கும். பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் நாம் பொத்திப் பொத்தி வைக்கிறோம். ஆனால் சிடியில் தகவல் இருக்கும் படலம் மேல் பக்கத்தை ஒட்டி, ஒரு மெல்லிய பூச்சுக்குக் கீழேதான் இருக்கிறது. அடிப்பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் பிளாஸ்டிக் காவல் உண்டு, மேலே அது கிடையாது. பதிவு செய்த பெண்ணே, நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்களோ தெரியாது. நீங்கள் அன்று கவனமாகச் செய்ததால்தான் இவ்வளவு வருடம் கழித்தும் எங்களுக்கு எடுக்க ஏதோ மிச்சம் இருந்தது.

இரண்டில் ஒரு சிடி கஜா புயலில் போய்விட்டது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் ஓடு பறந்து, அலமாரியோடு நனைந்து, மேல் படலம் செதில் செதிலாக உரிந்து வந்தது. இன்னொன்றை அம்மா தன் டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார். அதுதான் தப்பியது.

இனி கம்ப்யூட்டர் கதை. எங்கள் வீட்டில் இருப்பது பழைய டெஸ்க்டாப், விண்டோஸ் 7. மகள் வைத்திருக்கும் லேப்டாப்பில் சிடி போடும் இடமே கிடையாது. டெஸ்க்டாப்பின் டிவிடி டிரைவை நாங்கள் தொட்டுப் பல வருடம். பட்டனை அழுத்தினால் உள்ளே கிர்ரென்று மோட்டார் சத்தம் கேட்கும், தட்டு வெளியே வராது. டவுனில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பார்த்த மாத்திரத்தில் டிரைவும் போச்சு, அந்தக் காலத்து சிடியும் போயிருக்கும், தூக்கிப் போடுங்கள் என்றார்கள். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குப் பேச்சே வரவில்லை.

மறுநாள் எதிர் வீட்டுத் தம்பி வந்தான். பாலிடெக்னிக்கில் மூன்றாம் வருடம் படிக்கிறான். “போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி எது போச்சுன்னு பார்க்கணும் அத்தை” என்றான். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பேச்சுதான் ஆரம்பம். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, காகிதம் கோக்கும் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, டிரைவின் முகப்பில் இருக்கும் ஊசித் துளையில் மெதுவாக நுழைத்தான். ஒரு விரற்கடை தூரம் தட்டு வெளியே வந்தது. மீதியைக் கையால் இழுத்தான். அந்தத் துளை எதற்கு என்று இத்தனை வருடமாக நான் யோசித்ததே இல்லை.

அவன் சொல்லித்தான் கடைத்தெருவில் டிவி, மிக்ஸி பழுது பார்க்கும் அண்ணனிடம் டிரைவைக் கழற்றிக்கொண்டு போனோம். அண்ணன் மூடியைத் திறந்து, தட்டுக்கு அடியில் இருந்த ஒரு ரப்பர் பெல்ட்டைக் குறட்டால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சேமியா கனம்தான் இருக்கும். குழந்தை விரல் மோதிரம் அளவுக்கு ஒரு கறுப்பு வளையம். இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்காமல் சோம்பிக் கிடந்தது. மோட்டார் சுற்றுகிறது, பெல்ட் வழுக்குகிறது, தட்டு நகரவில்லை. அவ்வளவுதான் கோளாறு. கடையில் மூலையில் கிடந்த செத்த டிரைவ் ஒன்றிலிருந்து நல்ல பெல்ட்டை எடுத்து மாட்டினார். காய்ந்து போன கிரீஸை வழித்துப் புதிதாகத் தொட்டு வைத்தார். பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் நனைத்து, அழுத்தாமல், லென்ஸைத் துடைத்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். “உங்க அம்மா எங்க வயல்லயும் நட்டிருக்காங்க” என்றார். அண்ணே, அந்த வார்த்தையை நான் மறக்க மாட்டேன்.

தட்டு வந்து போனது. ஆனால் கம்ப்யூட்டரில் டிரைவின் படமே தெரியவில்லை. இங்கேதான் திருப்பூரில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் போனில் வந்தான். ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு ஒரு மணி நேரம் தூங்காமல் பேசினான். முதலில் கம்ப்யூட்டரை மறுபடி ஏற்றும்போது, விண்டோஸுக்கு முன் வரும் பயாஸ் திரையில் டிரைவின் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னான். இருந்தது. அப்படியென்றால் கேபிளும் கரண்டும் சரி, கோளாறு விண்டோஸில்தான் என்றான். கம்ப்யூட்டரில் மாட்டியிருப்பவற்றை விண்டோஸ் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் டிரைவின் பெயர் பக்கத்தில் மஞ்சள் ஆச்சரியக்குறி நின்றது. எப்போதோ போட்டு எடுத்த சிடி எழுதும் சாஃப்ட்வேர் ஒன்று போகும்போது தன் மிச்சத்தை, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் விட்டுவிட்டுப் போயிருந்தது. சிடி டிரைவுகளுக்கான பகுதியில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்று இரண்டு பதிவுகள். முதலில் அந்தப் பகுதியை நகல் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு அவை இரண்டையும் நீக்கி, மறுபடி ஏற்றினோம். டிரைவ் வந்துவிட்டது. அவன் போனிலேயே சத்தம் போட்டுச் சிரித்தான்.

அம்மாவின் சிடியைப் போட்டோம். டிரைவ் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. டிக், டிக் என்று உள்ளே ஏதோ தேடுகிற சத்தம். பிறகு “டிஸ்க்கைப் போடவும்” என்று வந்து நின்றது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தம்பி ஒரு சினிமா டிவிடியைக் கொண்டுவந்து போட்டான். ஓடியது. கடையில் வாங்கிய பழைய பக்திப் பாட்டு சிடியைப் போட்டான். ஓடவில்லை. அவன் முகம் தெளிந்துவிட்டது. டிவிடி டிரைவுக்குள் இரண்டு லேசர்கள் உண்டாம். டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு, சிடிக்கு 780 நானோமீட்டர், அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஒன்று சோர்ந்து போனாலும் மற்றது வேலை செய்யும். எங்கள் டிரைவில் சிடிக்கான லேசர் ஓய்ந்திருந்தது. ஆக சிடியின் மேல் பழி போட இன்னும் காரணம் இல்லை. எத்தனை பேர் இந்த இடத்தில் “சிடி போச்சு” என்று குப்பையில் போட்டிருப்போம்! இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து இந்த ஒன்றை மட்டுமாவது மனதில் வையுங்கள். எந்த சிடியையும் எறிவதற்கு முன் வேறு ஒரு டிரைவில் போட்டுப் பாருங்கள்.

வேறு டிரைவ் எங்கே? திருத்துறைப்பூண்டியில் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர் வெளியே மாட்டும் யுஎஸ்பி டிரைவ் வைத்திருந்தார். முன்பின் பழக்கமில்லாத என்னை நம்பி, முகூர்த்த மாதத்தில், நான்கு நாளுக்குக் கொடுத்தார். முன்பக்க யுஎஸ்பியில் செருகியபோது அது எழும்பவே இல்லை. கரண்ட் போதவில்லை. இரட்டை முனைக் கேபிளைப் பின்பக்கம் இரண்டு இடத்தில் செருகியதும் ஓடியது. திரையில் பதினொரு பாட்டின் பெயர்களும் வரிசையாக வந்தபோது நாங்கள் யாரும் பேசவில்லை.

முதல் ஏழு பாட்டுகளும் வந்தன. எட்டாவதில் நின்றுவிட்டது. சிடியை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஓரத்தில் பூஞ்சை, பாசி படர்ந்த மாதிரி நரம்பு நரம்பாக. அடைமழைக் காலத்தில் நம் பக்கத்து ஈரம் எதைத்தான் விட்டது. சிடியில் பதிவு உள்ளிருந்து வெளியே சுருளாகப் போகிறது. அதனால்தான் முதல் பாட்டுகள் தப்பி, கடைசிப் பாட்டுகள் மாட்டின. பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் கழுவி, பழைய பருத்தி வேட்டித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோடாக ஒற்றியெடுத்தோம். வட்டமாகத் துடைத்தால் ஏதாவது கீறல் விழும்போது அது பாட்டின் தடத்தோடு சேர்ந்தே நீளும். குறுக்கே விழுகிற கீறலைச் சரிக்கட்டிக்கொள்ளும் ஏற்பாடு சிடியிலேயே இருக்கிறது.

அப்புறம் தம்பி ஒரு பென் டிரைவில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸைக் கொண்டுவந்து, டிடிரெஸ்க்யூ என்ற புரோகிராமை ஓடவிட்டான். அது நம்மைப் போல அடிபட்ட இடத்தில் முட்டி நிற்பதில்லை. நல்லதை எல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடத்துக்குப் பிறகு திரும்பி வந்து மறுபடி மறுபடி முயல்கிறது. எதுவரை எடுத்தோம் என்பதை ஒரு கோப்பில் குறித்துக்கொண்டே போகிறது. அந்தக் குறிப்பு எங்களுக்குத் தெய்வம் மாதிரி வந்தது. ராத்திரி இரண்டு தடவை கரண்ட் போனது. இரண்டு தடவையும் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. மூன்றாவது தடவை போகாமல் இருக்க மேலத்தெரு தையல்கார அக்கா தன் மகனுடைய யுபிஎஸ்ஸைத் தூக்கிக்கொண்டு குடையோடு வந்தார். அக்கா, அந்த மழையில் அதை நீங்கள் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

விடியும்போது பத்துப் பாட்டுகள் முழுசாக இருந்தன. பதினொன்றாவதில் கொஞ்சம் பாக்கி. பழுது பார்க்கும் அண்ணன் கடையில் கிடந்த இன்னொரு பழைய டிரைவை மாட்டி, வேகத்தைக் குறைத்து, அதே குறிப்புக் கோப்பை வைத்து ஓட்டினோம். யுஎஸ்பி டிரைவால் முடியாத இடங்களை இது எடுத்துவிட்டது. இப்போது அந்தப் பாட்டில் கண் சிமிட்டும் நேரம் ஓரிடத்தில் சத்தம் அறுந்து வரும். மற்றபடி முழுப் பாட்டும் இருக்கிறது.

அம்மா பாட்டெடுக்கும் முன் ஒரு முறை தொண்டையைச் செருமுவார். அது பதிவாகியிருக்கிறது. அவர் ஓரடி எடுக்க, மற்ற ஆறு பேரும் வாங்கிப் பாடுகிறார்கள். ஒரு பாட்டில் காலை இழுத்து வைக்கும்போது சேறு பொதக் என்று கேட்கிறது, வளையல் உரசுகிறது, தூரத்தில் யாரோ நாற்று முடி கேட்டுக் கூப்பிடுகிறார்கள். குலவை வரும் இடத்தில் ஒலிவாங்கி தாங்காமல் கரகரக்கிறது. அந்தக் கரகரப்பைக்கூடச் சரிசெய்ய வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவும் கீழத்தெரு அத்தாச்சியும் வந்து முன்னால் உட்கார்ந்தார்கள். இப்போது நடவு மிஷினில் நடக்கிறது, பல வயல்களில் நேரடி விதைப்பு. அவர்கள் பாடி எத்தனையோ வருடம். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு கையால் மட்டும் நட்டுக்கொண்டிருந்தார். வலது கை விரல்கள் தொடையில் இறங்கி இறங்கி ஏறின. கடைசிப் பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்து, “இது முடியல. அந்தப் பொண்ணு மிஷினு நின்னு போச்சு. இன்னும் ரெண்டு அடி இருக்கு” என்றார். அத்தாச்சியும் ஆமாம் என்றார். இருவரும் சேர்ந்து பாடினார்கள். தம்பி தன் போனில் பிடித்துவிட்டான்.

பெரியம்மாவுக்கும் அத்தாச்சிக்கும் நான் எப்படி நன்றி சொல்ல!

பதினொரு பாட்டுகளும், அவர்கள் பாடிய அந்த இரண்டடியும் இப்போது கம்ப்யூட்டரிலும், தனியாக ஒரு ஹார்ட் டிஸ்கிலும், தம்பி வீட்டிலும் இருக்கின்றன. பாடியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் பிரதி தருகிறேன். பென் டிரைவ் கொண்டு வாருங்கள், இல்லாதவர்கள் போனை எடுத்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். கிடந்து போன சிடி இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், தம்பியும் இருப்பான். வீடியோக்காரத் தம்பி தன் டிரைவைத் தை வரைக்கும் எங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.