முதல் நிரல்மொழி எது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கோடிங் படிக்க வருகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது, "எந்த மொழிக்கு வேலை அதிகம்?" என்றுதான். கல்விப் பக்கங்களில் வரும் பதில்களும் அதை வைத்தே அமைகின்றன. முதல் மொழிக்கு அது சரியான அளவுகோல் இல்லை. ஆரம்ப மாதங்களில் ஒருவர் எழுதும் வரிகளில் பாதிக்குமேல் தப்பாகத்தான் இருக்கும். எந்த வரியில் தப்பு, என்ன தப்பு என்று உடனே சொல்லித்தரும் மொழிதான் அவருக்கு வேண்டும்.

ஐந்து மதிப்பெண்கள் கொண்ட பட்டியலில் ஆறாவதைக் கேட்டுப் பாருங்கள். பைத்தான் மொழி அங்கேயே நின்று, வரி எண்ணோடு 'இண்டெக்ஸ் எர்ரர்', அதாவது பட்டியலில் அப்படி ஓர் இடமே இல்லை என்று காட்டும். சி மொழி அதைச் சோதிப்பதில்லை. பக்கத்து நினைவகத்தில் கிடக்கும் ஏதோ ஓர் எண்ணை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். அந்த எண்ணையும் சேர்த்துப் போடும் சராசரி தப்பாக வரும். மாணவர் தன் கணக்கைத்தான் சந்தேகப்படுவார். இதை சி மொழியின் குறை என்று சொல்லக்கூடாது. 1970-களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி அதை உருவாக்கியது இயங்குதளம் எழுதுவதற்கு. வேகம்தான் முக்கியம், சரிபார்ப்பது எழுதுபவர் பொறுப்பு. முதல் வாரத்தில் இருப்பவருக்கு அந்தப் பொறுப்பு தாங்காது.

ஆகவே பெரியவர்களுக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் பைத்தான். எட்டு, பத்து வயதுக் குழந்தைகளுக்கு, கட்டங்களை இழுத்துப் பொருத்தி நிரல் எழுதும் ஸ்கிராட்ச். வலைப்பக்கம் செய்யும் ஆசையில் வருகிறவர் ஜாவாஸ்கிரிப்டில் தொடங்கலாம், பிரவுசர் இருந்தால் போதும். ஆனால் அதில் மேற்கோள் குறிக்குள் உள்ள 5-உடன் 3-ஐக் கூட்டினால் 53, அதே 5-லிருந்து 3-ஐக் கழித்தால் 2. இரண்டுக்குமே எச்சரிக்கை கிடையாது என்பதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

பைத்தானிலும் சறுக்கும் இடங்கள் உண்டு. இரண்டு எண்களை 'இன்புட்' மூலம் வாங்கிக் கூட்டும்போது 5-ம் 3-ம் கொடுத்தால் 53 என்றுதான் வரும். இப்படிக் கீபோர்டில் தட்டுவது எதுவும் பைத்தானுக்கு எண் அல்ல, எழுத்துச்சரம்தான், அதாவது வெறும் எழுத்துகளின் வரிசை. கூட்டல் குறி இரண்டு சரங்களை ஒட்டவைத்துவிடுகிறது. அதே இடத்தில் பெருக்கல் குறி இருந்திருந்தால் 'டைப் எர்ரர்' (தரவின் வகை பொருந்தவில்லை) என்று சொல்லி நின்றிருக்கும். வாங்கும்போதே 'இன்ட்' என்பதற்குள் போட்டு எண்ணாக மாற்றிக்கொண்டால் 8 கிடைக்கும். பலர் மொழியையே கைவிடுவது இந்த மாதிரி ஓர் இடத்தில்தான் என்பதால் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

விண்டோஸில் நிறுவும்போது முதல் திரையின் அடியில் உள்ள 'பாத்' கட்டத்தை டிக் செய்யாவிட்டால், கட்டளைத் திரை பைத்தானைக் கண்டுபிடிக்காமல் போகலாம். பயிற்சிக் கோப்புக்கு 'ரேண்டம்' என்று பெயர் வைக்காதீர்கள். பிறகு பைத்தானோடு வரும் ரேண்டம் மாட்யூலை (தற்செயல் எண் தரும் தயார் நிரல்) இம்போர்ட் செய்யும்போது உங்கள் கோப்பே உள்ளே வந்து நிற்கும். பழைய புத்தகத்தில் 'பிரிண்ட்' கட்டளைக்கு அடைப்புக்குறி இல்லையென்றால் அது பைத்தான் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

இதையெல்லாம்விடப் பெரிய கெடுதல், மூன்றாவது வாரத்தில் மொழியை மாற்றுவது. நிபந்தனை, லூப், ஃபங்ஷன், பட்டியல் எல்லாம் எங்கே போனாலும் இவைதான்; மாறுவது எழுதும் முறை. எப்போது மாறலாம் என்பதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். வீடியோ பார்க்காமல், யாரிடமும் கேட்காமல், நூறு வரிக்குள் ஒரு செலவுக் கணக்கு எழுத வேண்டும். அது கோப்பில் சேமிக்க வேண்டும், மறுநாள் திறந்து மொத்தம் காட்ட வேண்டும், தொகை கேட்கிற இடத்தில் யாராவது எழுத்தைத் தட்டினாலும் நின்றுவிடக் கூடாது. இது முடிந்தவருக்கு சி மொழியில் நினைவக முகவரியைக் கையாளும் பாயிண்டர்கூடப் பிடிபடும்.

பாடத்திட்டமே சி என்று வைத்திருந்தால் வேறு வழியில்லை. அப்போது, சி நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலரின் புதிய பதிப்பில், கழித்தல் குறியுடன் 'டபிள்யூ, ஏ, எல், எல்' என்ற தெரிவைச் சேர்த்துக் கம்பைல் செய்யுங்கள். டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து. கீபோர்டிலிருந்து எண் வாங்கும் 'ஸ்கேன்எஃப்' கட்டளையில் மாறியின் முன் ஆம்பர்சண்ட் (&) குறி விட்டுப்போயிருந்தால், புரோகிராம் ஓடி விழுவதற்கு முன்பே வரி எண்ணோடு எச்சரிக்கை வந்துவிடும். வெறும் எச்சரிக்கைதானே என்று தாண்டிப் போகாமல், ஒன்று பாக்கியில்லாமல் தீர்த்துவிட்டே ஓட்டுங்கள்.

இப்படிக்கு,
நிரலாக்கம் கற்பிக்கும் ஒரு வாசகர்