மஸ்டாங்கை விற்காதே

அன்புள்ள பாப்பா,

உன் கேள்விக்கு வாட்ஸ்அப்பில் பதில் போட்டால் நான்கு வரியில் முடித்துவிடுவேன், நீயும் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால்தான் இந்த மெயில். சனிக்கிழமை காலையில் காபியோடு உட்கார்ந்து படி.

நெப்ராஸ்காவில் லிங்கனில் நடக்கும் தேசிய சோலோ போட்டிக்கு, அதான் கோன்களுக்கு நடுவே ஒவ்வொரு காராக நேரம் பார்த்து ஓட்டுகிற போட்டிக்கு, பெயர் கொடுத்துவிட்டாய், சந்தோஷம். அதற்கு முன்னால் உன் ஃபோர்டு மஸ்டாங்கை விற்றுவிட்டு ஒரு சின்ன மாஸ்டா மியாட்டா வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். கன்சாஸ் சிட்டி நண்பர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். சொல்வார்கள். மியாட்டா ஆயிரத்துச் சொச்சம் கிலோ, உன் கார் ஏறத்தாழ 1,700 கிலோ. கோன்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற போட்டிக்கு எது தோது என்று குழந்தையைக் கேட்டாலும் சொல்லிவிடும். ஆனால் நீ மியாட்டாவோடு போட்டி போடப் போவதில்லையே. நீ ஓட்டுகிற எஃப் ஸ்ட்ரீட் பிரிவில் உன் பக்கத்தில் நிற்கப்போவது செவர்லே கமாரோ எஸ்எஸ்ஸும் மற்ற மஸ்டாங்குகளும். அவர்களுக்கும் அதே எடைதான், அதே நீள மூக்குதான். கமாரோக்காரர்கள் பாவம், ஜன்னல் அத்தனை குறுகல். பக்கத்தில் இருக்கிற கோனைக் கண்ணால் பார்ப்பதைவிட நினைவில் வைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும்.

எனவே விற்காதே. பாசத்தில் சொல்லவில்லை. கமாரோ உற்பத்தி 2023 டிசம்பரில் லான்சிங்கில் நின்றுபோனபோது இங்கே மிச்சிகனில் எங்கள் கார்த் துறைக்காரர்கள் எல்லோருக்கும் மனசு கொஞ்சம் கனத்தது உண்மைதான். ஆனால் காரணம் அது இல்லை. கனமான, பின்சக்கரத்தில் சக்தி போகிற காரில் கற்றுக்கொள்வதை இலேசான காருக்கு எடுத்துப் போகலாம். மியாட்டாவில் வேகத்தைத் தொலைக்காமல் ஓட்டக் கற்றவர்களை மஸ்டாங்கில் உட்கார வைத்தால் முதல் வளைவிலேயே திணறுவார்கள். நான் பார்த்திருக்கிறேன், சிரித்தும் இருக்கிறேன்.

ஸ்ட்ரீட் பிரிவு நம்மைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு ஏற்றது என்பது இன்னொரு விஷயம். 2013 வரை இதற்கு ஸ்டாக் என்று பெயர். பெயர்தான் ஸ்டாக், டயர் மட்டும் பந்தய ரப்பர் போடலாம் என்று இருந்தது. ஒட்டினால் ஒட்டும், ஆனால் ஒரு சீசனைத் தாங்காது. டயர் வாங்கிக் கட்டுப்படியாகாது. அப்போதெல்லாம் உள்ளூர்ப் போட்டியோடு நான் நிறுத்திக்கொண்டதற்கு அதுதான் காரணம். இப்போது ட்ரெட்வேர், அதாவது தேய்மான எண், 200 என்று போட்ட சாலை டயர்தான். ஸ்ப்ரிங்கைத் தொடக் கூடாது. ரிம்மின் அகலம் கம்பெனி கொடுத்ததுதான். ஷாக் அப்சார்பர் மாற்றலாம், பிரேக் பேட் மாற்றலாம், கார் சாய்வதைக் குறைக்கிற கம்பியான ஸ்வே பாரில் முன்னாலோ பின்னாலோ ஒன்றை மாற்றலாம். பெரிதாக அவ்வளவுதான். ஓட்டி முடித்துவிட்டு அதே காரில் வீட்டுக்குப் போகலாம், திங்கட்கிழமை ஆபீசுக்கும் போகலாம்.

முன் ஸ்வே பாரைத் தடிமனாக ஏன் போட்டேன் என்று நீ கேட்டதே இல்லை, காரை வாங்கிக்கொண்டு போய்விட்டாய். சொல்லிவிடுகிறேன். வளைவில் முன்பக்கம் அதிகம் சாயாமல் அது பிடித்துக்கொள்ளும். சாய்ந்தால் முன் டயர் வெளி விளிம்பில் நிற்கும், உள்பக்க ரப்பர் சும்மா இருக்கும். இந்தப் பிரிவில் கேம்பரை, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கிற கோணத்தை, இஷ்டத்துக்கு மாற்ற முடியாது என்பதால் சாய்வைக் குறைப்பதுதான் நமக்கு இருக்கிற வழி. இன்னொரு பலனும் உண்டு: பின்னால் இரண்டு டயர்களுக்கும் எடை ஓரளவு சமமாகக் கிடைக்கும், வளைவை விட்டு வெளியே வரும்போது உள்பக்கச் சக்கரம் வீணாகச் சுற்றாது. அதையும் மீறிச் சுற்றினால் தப்பு காரில் இல்லை, உன் வலது காலில்.

அந்தக் காலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ அனுப்பிய மூன்று வீடியோக்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கண் நன்றாக இருக்கிறது, அடுத்த கோனுக்கு அடுத்ததைப் பார்க்கிறாய். கை நிதானம். ஆனால் வளைவு பாதிகூட முடியாமல் ஆக்ஸிலேட்டரைத் தேடுகிறாய். 435 குதிரைத்திறன் காலடியில் இருந்தால் யாருக்குத்தான் ஆசை வராது? ஸ்டியரிங் இன்னும் திரும்பியிருக்கும்போது மிதித்தால் இரண்டில் ஒன்று நடக்கும். முன்பக்கம் இலேசாகி, கார் திரும்பாமல் நேராகத் தள்ளிக்கொண்டு போகும்; அல்லது பின்பக்கம் வீசும். வீசினால் பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள், கடிகாரம் கைதட்டாது. முதலில் ஸ்டியரிங்கை நேராக்கு, கை எவ்வளவு பிரிகிறதோ கால் அவ்வளவு இறங்கட்டும். முழுதாக மிதிக்கக் கிடைக்கிற இடம் ஒரு தடத்தில் சில விநாடிகள்தான். அந்தச் சில விநாடிகளில் உன் எஞ்சின் தானாகவே வேலை செய்துகொள்ளும், நீ அவசரப்படுத்த வேண்டியதில்லை.

பிரேக்கும் அப்படித்தான். மியாட்டாக்காரர் எந்த இடத்தில் பிரேக் பிடிக்கிறாரோ அங்கே நீ பிடித்தால் தாமதம். கொஞ்சம் முன்னாலேயே, நேர்கோட்டில், அழுத்திப் பிடி. பிறகு பாதத்தை மெல்ல எடுத்துக்கொண்டே திரும்பு. சட்டென்று எடுக்காதே. இடுப்பில் நிறைகுடத்தோடு திரும்புகிறவள் எப்படித் திரும்புவாள், அந்த நிதானம் வேண்டும். எடை முன்னே போய், பக்கவாட்டில் போய், பின்னே வருவதற்கு இந்தக் காரில் நேரம் எடுக்கும். அந்த நேரத்தைக் கொடுத்தால் கார் நீ சொன்னதைக் கேட்கும்.

வரிசைக் கோன்களுக்கு இடையே நெளிந்து போகிற ஸ்லாலமில் நீ இடிக்கிற கோன்கள் எல்லாமே பின் கதவுக்குக் கீழே சிக்குகின்றன, கவனித்தாயா? முன் மூலை தாண்டிவிட்டது என்றதும் திரும்பிவிடுகிறாய், பின்சக்கரம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. இன்னொன்று, முதல் கோனில் ஒரு அடி தாமதம் என்றால் மூன்றாவதில் அது மூன்று அடி ஆகிவிடும், ஐந்தாவதில் கோனே இருக்காது. ஆகவே முதல் கோனுக்கு வரும்போதே வேகத்தைக் குறைத்துக்கொண்டு வா. கோனைத் தாண்டிய பிறகு திரும்புவது இல்லை, கோனுக்குப் பக்கத்தில் வரும்போது கார் ஏற்கெனவே அடுத்த பக்கம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒரு கோனுக்கு இரண்டு விநாடி தண்டனை. அறுபது விநாடி ஓடுகிற தடத்தில் முதல் பரிசுக்கும் ஐந்தாவது பரிசுக்கும் இடையே ஒரு விநாடிகூட இருக்காது, ஆயிரத்தில் ஒரு பங்கு வரைக்கும் அளக்கிறார்கள். ஆக ஒரு கோன் போனால் அந்த ஓட்டம் போனது என்றே வைத்துக்கொள். கோன் நகர்ந்தும் அடிப்பகுதி அதைச் சுற்றி வரைந்த சுண்ணாம்புக் கட்டத்தைத் தொட்டுக்கொண்டு நின்றால் தண்டனை இல்லை, ஆனால் அதை நம்பி ஓட்டாதே.

உள்ளூர்ப் போட்டியிலிருந்து லிங்கன் பெரிய அளவில் வேறுபடுவது எங்கே தெரியுமா? ஓட்டங்களின் எண்ணிக்கையில். கிழக்குத் தடத்தில் ஒரு நாள் மூன்று ஓட்டம், மேற்குத் தடத்தில் மறுநாள் மூன்று. இரண்டிலும் சிறந்ததை எடுத்துக் கூட்டுவார்கள். அந்தத் தடத்தில் பயிற்சி ஓட்டம் என்பதே கிடையாது. நடந்து பார்க்கத்தான் முடியும். ஆயிரத்துக்கு மேல் ஆட்கள் வருகிறார்கள், எல்லோரும் நடக்கிறார்கள், கூட்டமாகப் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். நீ பேசாதே. ஒருமுறை வேண்டுமானால் நண்பர்களோடு போ, மற்ற நேரமெல்லாம் தனியாகப் போ. நீ நடப்பது ஐந்தடி உயரத்தில், காரில் உட்கார்ந்தால் மூன்றரை அடியில்தான் கண் இருக்கும். அங்கங்கே குனிந்து பார். நடுவில் நடக்காமல், சக்கரம் போகப்போகிற கோட்டில் நட. எந்த வளைவுக்குப் பிறகு நீளமான நேர்ப்பாதை வருகிறது என்று கண்டுபிடி, அந்த வளைவில் இருந்து வெளியே வருகிற வேகம்தான் எட்டு சிலிண்டர் காருக்குப் பணம். மற்ற வளைவுகளில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை. ராத்திரி அறைக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஓட்டிப் பார். நடுவில் எங்கே மறந்துபோகிறதோ, காலையில் போய் அங்கே மட்டும் நட.

தரையும் வேறு. உங்கள் ஊரில் தார்த் தரையில் ஓட்டிப் பழகியிருக்கிறாய், லிங்கனில் பழைய விமானப்படைத் தளத்தின் கான்கிரீட். அந்தத் தளத்தை 1966-ல் மூடினார்கள். பிடி பிரமாதம். பிடி கூடினால் கார் இன்னும் அதிகம் சாயும், நீ பழகிய அளவு மாறிப்போகும். அதனால் வார இறுதியில் நடக்கிற பயிற்சித் தடத்துக்குக் கட்டாயம் போக வேண்டும். ஷாக்கின் குமிழை அங்கே திருகிப் பார்த்துக்கொள்ளலாம், போட்டி நாளில் எதையும் தொடக் கூடாது.

அங்கே முதல்முறை நின்றபோது எனக்குச் சோழவரம்தான் ஞாபகம் வந்தது. அதுவும் போர்க்கால விமான ஓடுதளம். சின்ன வயதில் உன் பெரியப்பா செங்குன்றத்திலிருந்து என்னை சைக்கிளில் உட்கார வைத்துக் கூட்டிப்போவார். இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் தனிப் பந்தயத் தடம் வருவதற்கு முன்பு மெட்ராஸில் மோட்டார் பந்தயம் என்றால் அந்த ஓடுதளம்தான். இங்கே அமெரிக்காவிலும் 1950-களின் தொடக்கத்தில் ஜெனரல் கர்ட்டிஸ் லெமே தன் குண்டுவீச்சு விமானத் தளங்களை, இந்த சோலோ போட்டியை நடத்துகிற எஸ்சிசிஏ சங்கத்துக்குப் பந்தயம் நடத்தத் திறந்துவிட்டாராம். விமானம் போன இடத்தில் கார் விடுவது இரண்டு நாட்டுக்காரர்களுக்கும் தோன்றியிருக்கிறது, பார்.

சரி, அடுத்த விஷயம். லேடீஸ் பிரிவா, ஆண் பெண் எல்லோரும் ஓட்டுகிற ஓப்பனா என்று குழம்பி, கடைசியில் ஓப்பனில் பெயர் கொடுத்துவிட்டாய். இரண்டும் சரிதான், லேடீஸ் பிரிவிலும் நல்ல ஓட்டுநர்கள் இருக்கிறார்கள், சுலபமாக ஜெயித்துவிட முடியாது. ஆனால் ஓப்பன் என்பதால் இப்போது ஒரு சிக்கல்: உன்னோடு அதே காரைப் பகிர்ந்து ஓட்ட நான் வந்தால், நான் உனக்குப் போட்டியாளன். மகள் என்று நான் கால் எடுக்க மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன். அம்மா யாருக்குக் கைதட்டுவாள் என்று கேட்காதே, அவள் ஏற்கெனவே கட்சி மாறிவிட்டாள்.

நான் முதலில் ஓட்ட வேண்டும், அதைப் பார்த்துவிட்டு நீ இரண்டாவதாக ஓட்டுவாய் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம், நீ முதலில் ஓட்டு. என் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு ஏறினால் நீ நடந்து கண்டுபிடித்த கோட்டை விட்டுவிட்டு என் கோட்டில் போவாய். எனக்கு முப்பது வருஷப் பழக்கங்கள் இருக்கின்றன, எல்லாமே நல்ல பழக்கம் இல்லை. தவிர டயர் கணக்கும் இருக்கிறது. செப்டம்பர் வெயிலில் இவ்வளவு கனமான கார் இரண்டு ஆள் ஓட்டினால் டயர் சூடேறிக்கொண்டே போகும். நீ போடப்போவதாகச் சொன்ன யோகோஹாமா ஏ052 டயர் முதல் வளைவிலேயே பிடித்துக்கொள்ளும், ஆனால் சூடு அதிகமானால் வழுக்க ஆரம்பிக்கும். ஆகவே முதல் ஆளுக்குத்தான் அது சாதகம். நீ இறங்கியதும் நான் ஏறுவதற்குள் சில நிமிடங்கள்தான் கிடைக்கும், அதற்குள் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற ஸ்ப்ரேயரால் நான்கு டயர்களுக்கும் தண்ணீர் அடிக்க வேண்டும், காற்றையும் பார்க்க வேண்டும். அது உன் வேலை. நான் இறங்கியதும் உனக்கு நான் அடிக்கிறேன்.

முதல் ஓட்டத்தில் கோன் இடிக்காமல் ஒரு நேரத்தைப் பலகையில் போட்டுவிடு, எவ்வளவு மெதுவாக இருந்தாலும் சரி. அது இல்லாமல் மூன்றாவது ஓட்டத்துக்குப் போனால் வயிறு கலங்கும், அந்தக் கலக்கம் நேராகக் காலுக்கு இறங்கும். இரண்டாவதில் கூட்டு. மூன்றாவதில் உன் இஷ்டம்.

ஓட்டாத நேரத்தில் நீயும் தடத்தில் நின்று கோன் எடுத்து வைக்க வேண்டும், தெரியும்தானே? எல்லோருக்கும் அந்தக் கடமை உண்டு. தொப்பி, முழுக்கைச் சட்டை, தண்ணீர் எடுத்துக்கொள். வருகிற காருக்கு முதுகைக் காட்டி நிற்காதே. போனைப் பையில் வை.

ஹெல்மெட்டுக்குள் இருக்கிற ஸ்னெல் பாதுகாப்புச் சான்று ஸ்டிக்கரைப் பார்த்து வருஷத்தை எனக்கு எழுது, பழசாக இருந்தால் பரிசோதனையில் விட மாட்டார்கள். உன் சீட்டின் நிலையை டேப் ஒட்டிக் குறித்து வை, நான் ஏறி மாற்றினால் நீ திரும்பத் தேடிக்கொண்டிருக்காதே. முன் டயர்களின் வெளி விளிம்பை ஒரு படம் எடுத்து அனுப்பு, அதைப் பார்த்துவிட்டுப் புது செட் எப்போது போடலாம் என்று சொல்கிறேன்.

நாங்கள் ஓமாஹா வரை விமானத்தில் வந்து, அங்கிருந்து வாடகைக் காரில் லிங்கனுக்கு வந்துவிடுகிறோம். நீ அழைக்க வர வேண்டாம், அந்த நேரத்தில் பயிற்சித் தடத்தில் இரு. ஸ்ப்ரேயர் மட்டும் மறக்காமல் வாங்கிவிடு, இரண்டு கேலன் அளவு போதும்.

அன்புடன்,
அப்பா