கயிறு பிடித்தவர் எல்லாம் ஊருக்குப் புதியவரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் ஊரை நாய்களின் சொர்க்கம் என்று கொண்டாடி, சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஏரிக்கரை, மலைப்பாதை, கடை வாசல்களில் தண்ணீர்க் கிண்ணம், எல்லாம் உண்மைதான். மூன்றாவது பத்தியில் ஒரு வாக்கியம் மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடப்பவரைக் கண்டால், அவர் ஊருக்குப் புதியவர் என்று தெரிந்துகொள்ளலாமாம்.

நான் இந்த ஊரில் 14 ஆண்டுகளாகக் கயிறு பிடித்து நடக்கிறேன். எப்போது பழையவள் ஆவேன் என்று உங்கள் கட்டுரையாளரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

என் மணிக்கு இப்போது 11 வயது. அவனுக்கு 3 வயதாக இருந்தபோது, மலைப்பாதையின் இரண்டாவது வளைவில் மேலேயிருந்து ஒரு பெரிய நாய் அவிழ்த்துவிட்ட நிலையில் பாய்ந்து வந்தது. அதன் உரிமையாளர் அங்கிருந்தே, "பயப்படாதீங்க, எங்க பையன் ஒண்ணும் செய்யமாட்டான்!" என்று குரல் கொடுத்தார். பையன் செய்தான். மணியின் காதில் 7 தையல். மூச்சிரைக்க வந்து சேர்ந்த பெரியவர் மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். "கயிற்றில் கட்டி வச்சா நாய் இப்படித்தான் சிடுசிடுக்கும்" என்று எனக்குப் பாடம் எடுத்தார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதுதான் என் கோபமே. கயிற்றில் இருக்கிற நாய்க்கு ஓட வழியில்லை. ஓட முடியாதது உறுமும். இரண்டு நாய்கள் தாமாகச் சந்தித்தால் வளைந்து வந்து, பக்கவாட்டில் மோந்து பார்த்து, நிதானமாகத்தான் அறிமுகமாகும். முகத்துக்கு நேரே பாய்ந்து வருவது நாய்களின் உலகத்திலும் மரியாதை இல்லை. வால் ஆட்டியபடி வந்தது என்று சாட்சி சொல்வார்கள். வாலை விறைப்பாகத் தூக்கி வைத்துக்கொண்டு ஆட்டுகிற நாய் விளையாட வரவில்லை என்பது தாங்கள் அறியாதது அல்ல. எதிரே கட்டிய நாய் வந்தால் அவிழ்ந்த நாயைக் கூப்பிட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கூப்பிட்டால் அது வர வேண்டுமே! தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கூட்டத்திற்குத்தான் உங்கள் கட்டுரை 'சுதந்திர உணர்வு' என்று பெயர் வைத்திருக்கிறது.

அன்றிலிருந்து மணி, தூரத்தில் வேறு நாயைப் பார்த்தாலே நடுப்பாதையில் உறைந்து நிற்பான். 'நெருங்க வேண்டாம்' என்று பிறருக்குச் சொல்வதற்காகக் கயிற்றில் மஞ்சள் நாடா கட்டினேன். பல நாடுகளில் நாய் வளர்ப்போர் கடைப்பிடிக்கும் அடையாளம் அது. இங்கே என்னைப் பார்க்கிறவர்கள், "இன்னைக்குப் பிறந்தநாளா?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் வருகிறார்கள்.

அப்புறம் அந்தப் பைகள். நாயின் மலத்தைப் பையில் அள்ளி, அழகாக முடிச்சுப் போட்டு, மரக்கிளையில் தொங்கவிட்டுப் போகிற பழக்கத்தை எந்த மகான் தொடங்கி வைத்தாரோ! அள்ளாமல் விடுகிறவர்கள் அதற்கும் மேல். "மக்கி உரமாகிவிடும்" என்பார்கள். நாயின் வயிற்று உருண்டைப்புழுவின் முட்டை மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் சாகாமல் கிடக்கும். மண்ணில் விளையாடிய குழந்தை கையை வாயில் வைத்தால் போதும். புழு மருந்து கொடுக்க வந்த நம் கால்நடை மருத்துவரே இதைச் சொல்லியிருப்பார், யாரும் காது கொடுக்கவில்லை.

சொர்க்கம் என்றீர்கள். அதே இதழின் வரி விளம்பரப் பக்கத்தைத் தாங்களே ஒருமுறை புரட்டிப் பாருங்கள். வாடகைக்கு வீடு என்று வந்த 9 விளம்பரங்களில் 6 விளம்பரங்கள், 'செல்லப்பிராணிகள் கூடாது' என்கின்றன. நாய் வீதியில் இருக்கலாம், கடை வாசலில் இருக்கலாம், உங்கள் அட்டையில் இருக்கலாம். வீட்டுக்குள் மட்டும் இருக்கக் கூடாது போலும். நான் மூன்று வீடு மாறியவள். ஒரு வீட்டுக்காரர் மணியின் தலையைத் தடவிக் கொஞ்சிக்கொண்டே காலி செய்யச் சொன்னார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, மழைக்குப் பின் புல்வெளியில் உண்ணி பெருகுவது பற்றித் தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். காது மடலின் உட்புறம், விரலிடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி, இங்கெல்லாம் தேடிப் பார்க்கச் சொல்லியிருந்தேன். தாங்கள் அதில் வெட்டிப் பிரசுரித்தது, 'இதழ் சிறப்பு, அட்டைப்படம் அருமை' என்ற முதல் வரியை மட்டும். உண்ணியை நீக்கிவிட்டீர்கள், அது நாயிடமிருந்து நீங்கியிருந்தால் மகிழ்ந்திருப்பேன்.

அட்டைப்படம் என்றதும் நினைவு வருகிறது. இந்த இதழில் உச்சி வெயிலில் பாறைமேல் நிற்கிற அந்தச் சப்பை மூக்கு நாய்க்கு, 'சிகரத்தில் ஒரு சிரிப்பு' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். அது சிரிக்கவில்லை, ஐயா. நாக்கு அகன்று நுனி மடிந்து தொங்குகிறது, கடைவாய் பின்னால் இழுத்திருக்கிறது, கண் இடுங்கியிருக்கிறது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. இரைத்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். சப்பை மூக்கு இனங்களுக்கு அதுவும் சரியாக வராது. காலடியில் இருப்பதோ கொதிக்கிற பாறை. புறங்கையை அதன்மேல் 7 விநாடி வைத்துப் பார்த்திருந்தால் படம் எடுத்தவருக்கே தெரிந்திருக்கும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் எந்த மூலையிலாவது இரண்டு வரி இடம் கொடுங்கள்: மலைப்பாதையில் எதிரே கட்டிய நாய் வந்தால் உங்கள் நாயைப் பிடித்துக்கொள்ளுங்கள், பையை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். என் பெயரைப் போட வேண்டாம். இம்முறை முதல் வரியில் பாராட்டு எதுவும் இல்லாததால், வெட்டுவதற்குத் தங்களுக்குச் சிரமமாக இருக்கலாம்.

தங்கள் நெடுநாள் வாசகி,
(ஊருக்குப் புதியவள்)