வாசகர் வட்டத்தின் 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஜூன் முதல் 2025 மே வரை நம் கிளை நூலக வாசகர் வட்டம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் ஆகஸ்ட் நீங்கலாக நடந்தன. நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வார விழா வழக்கம்போல் நடந்தது. மைக் செட் வாடகை மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதல். மற்ற உழைப்பெல்லாம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் கதை சொன்னதில்தான் போனது.

ஜூலையில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் தொடங்கினோம். பிள்ளைகளின் காதெல்லாம் மணியோசைக்கே காத்திருந்தது. தலைமையாசிரியை சொன்னபடி, காலை உணவு முடிந்து பிரார்த்தனைக்குக் கூடும்வரை உள்ள இடைவெளிக்கு மாற்றினோம். வயிறு நிறைந்த பிள்ளைகள் கதை கேட்கும் அழகே தனி.

முதலில் தவறு நம்முடையதுதான். எருதுகளும் சிங்கமும் கதையைச் சொல்லிவிட்டு, "இதிலிருந்து என்ன தெரியுது?" என்று கேட்டோம். "ஒற்றுமையே பலம்!" என்று கூரை அதிரக் கத்தினார்கள். கத்திய கையோடு தண்ணீர்க் குழாயடியில் ஒருவரையொருவர் தள்ளிவிட்டார்கள். அன்றோடு நீதி கேட்பதை விட்டோம். கதையைப் பாதியில் நிறுத்தி, "நீயா இருந்தா என்ன பண்ணுவே?" என்று கேட்பதோடு சரி.

மயிலுக்குப் போர்வை தந்த பேகன் கதை அப்படித்தான் சூடு பிடித்தது. பழனி மலைப் பக்கத்தை ஆண்டவன் என்பதால் நம் பிள்ளைகளுக்கு அவன் பக்கத்து ஊர்க்காரன். "மயில் நடுங்கலைங்க சார், ஆடுது" என்றான் மூன்றாம் வகுப்புப் பையன். "அவருக்குக் குளிர்ற மாதிரி தெரிஞ்சுதல்ல, போத்திட்டாரு" என்றாள் ஒரு சிறுமி. வழக்கு இரண்டு நாள் நடந்தது. (அதே பேகன் மனைவியைப் பிரிந்திருந்ததைக் கபிலரும் பரணரும் பாடி இடித்துரைத்ததும் புறநானூற்றில் உண்டு. அதை நம் மாதக் கூட்டத்துக்கு ஒதுக்கிவைத்தோம்.)

நூற்பாலைக்கு வேலைக்கு வந்த பீகார் குடும்பத்துப் பையன் ஒருவன் இரண்டாம் வகுப்பில் சேர்ந்திருந்தான். யாரும் அவனோடு பேசுவதில்லை. "இந்திக்காரன்" என்பதே அவன் பெயர். குரங்கும் முதலையும் கதை சொன்ன அன்று, மரம் என்றதும் அவன் எழுந்து "ஜாமுன்! ஜாமுன்!" என்றான். பஞ்சதந்திரம் அவன் ஊரிலும் உண்டே. மீதிக் கதையை அவனே இந்தியிலும் சைகையிலும் நடித்துக் காட்டினான். நாவல் மரம் இவர்களுக்கு ஜாமுன் ஆனது. அவனுக்கும் அதுவே பெயராகிவிட்டது. பட்டப்பெயர் வைப்பது சரியா என்று எனக்குச் சங்கடம்தான். "இப்ப விளையாடக் கூப்பிடறாங்களே, அது போதுங்க" என்றார் தலைமையாசிரியை.

குழாயடிச் சண்டை ஒழிந்தது என்று எழுத மாட்டேன். நடக்கிறது.

பள்ளிக் கல்வித் துறை வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைப் புத்தகங்கள் அலமாரியை விட்டு வெளியே வந்திருக்கின்றன. கிழிந்தவற்றை நாமே ஒட்டித் தந்தோம். கதை சொல்லப் பெயர் கொடுத்தவர்கள் 17 பேர், வந்தவர்கள் 5 பேர். அடுத்த ஆண்டு ஊர்ப் பாட்டிமாரை அழைக்கலாம் என்றிருக்கிறோம். அவர்கள் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவார்கள்.

மார்கழியில் பள்ளி வராந்தா சிமெண்டுத் தரை சில்லிடுகிறது. பிள்ளைகள் உட்கார இரண்டு பவானி ஜமக்காளம் வாங்கப் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்